ஜெர்மனியில் ரெசிடென்ஸ் கார்டு காலாவதி... புது கார்டு இன்னும் வரல! வேலை போயிடுமா? ஊருக்கு வர முடியுமா?

கார்டில் அச்சடித்த தேதி முடிய இன்னும் மூன்றே வாரம். அலுவலக இணையதளத்தில் நேரம் தேடினால் 'தற்போது எதுவும் காலி இல்லை' என்று ஒரே வரி. மெயில் அனுப்பினால் தானியங்கிப் பதில் மட்டும் வருகிறது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. இதற்கிடையே கம்பெனி எச்.ஆரிடமிருந்து, 'புது கார்டு காப்பி அனுப்புங்க' என்று நினைவூட்டல். ஊரில் தங்கச்சி கல்யாணத்துக்கு டிக்கெட் வேறு போட்டாச்சு.

பெர்லின், மியூனிக், பிராங்பர்ட், ஸ்டுட்கார்ட் என எந்த ஊர் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தாலும் இந்தப் புலம்பல் இருக்கும். "அண்ணா, கார்டு எக்ஸ்பைரி ஆயிருச்சு. நான் இப்போ இல்லீகலா?"

பெரும்பாலானவர்களுக்குப் பதில்: இல்லை. ஆனால் அந்த 'இல்லை' ஒரே ஒரு தேதியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கார்டில் உள்ள தேதி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு மனு போட்டீர்களா, அதற்கு ஆதாரம் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. புது கார்டு எத்தனை மாதம் தாமதமானாலும் சட்டம் உங்களைக் காப்பாற்றும். மனு ஒரு நாள் தாமதமானால் கதையே வேறு.

அப்படி என்ன சட்டம் அது?

ஜெர்மனியின் வெளிநாட்டவர் தங்குரிமைச் சட்டத்தில் 81-ஆவது பிரிவு, 4-ஆம் உட்பிரிவு. அனுமதி முடிவதற்கு முன் ஒருவர் நீட்டிப்போ, வேறு வகை அனுமதியோ கேட்டு மனு கொடுத்துவிட்டால், அலுவலகம் முடிவு சொல்லும் வரை பழைய அனுமதியே தொடர்வதாகக் கருதப்படும். கார்டில் தேதி முடிந்திருக்கும், உரிமை முடிந்திருக்காது. 'இருப்பதாகக் கருதுவது' என்பதால்தான் இதற்குத் தரும் சான்றிதழின் பெயரிலேயே 'ஃபிக்சியோன்' என்ற சொல் இருக்கிறது. முழுப் பெயர் ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங். வாய்க்குள் நுழையாத அந்தப் பெயரை விட்டுவிட்டு இங்கே இடைக்காலச் சான்று என்றே சொல்லலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த உரிமை சட்டத்தால் தானாக வருகிறது. இடைக்காலச் சான்று அதற்கான காகிதம், அவ்வளவுதான். சான்று இன்னும் கைக்கு வரவில்லை என்பதால் உரிமை இல்லாமல் போய்விடாது. ஆனால் நடைமுறையில் எச்.ஆர், வங்கி, விமான நிலையம் எல்லாம் காகிதத்தைத்தான் கேட்கும். அதனால் மனு போடும்போதே, 'இடைக்காலச் சான்றும் வேண்டும்' என்று அதே கடிதத்தில் தெளிவாகக் கேட்டுவிடுவது நல்லது. கட்டணம் 13 யூரோ.

தாமதமாக மனு போட்டவர் கதி என்ன? மிகக் கடுமையான சிரமத்தைத் தவிர்ப்பதற்காக, பழைய அனுமதி தொடரும் என்று அலுவலகம் உத்தரவிடலாம் என்று சட்டம் சொல்கிறது. 'லாம்'தான், உரிமை கிடையாது. மேஜைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் மனசு வைக்க வேண்டும். அலுவலகம் எட்டு மாதம் இழுத்தடித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, மனுதாரர் ஒரு நாள் பிந்தினால் வேலையும் வீடும் கேள்விக்குறி. நியாயமில்லாத ஏற்பாடுதான். ஆனால் விளையாட்டின் விதி அதுதான் என்பதால், தேதியில் மட்டும் கோட்டை விடக்கூடாது.

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன அம்மா, அப்பாவுக்கு?

அவர்களுக்கு இது பொருந்தாது. ஷெங்கன் விசிட் விசாவில் போனவர்களுக்கு இந்தத் தொடர்ச்சி கிடையாது என்று அதே உட்பிரிவு தனியாகச் சொல்லியிருக்கிறது. மகள் பிரசவத்துக்காகப் போய், 'இன்னும் ஒரு மாசம் இருந்துட்டு வரேன்' என்று மனுவை மட்டும் போட்டுவிட்டுத் தங்குவது ஆபத்து. வேலை, படிப்பு, குடும்பத்துடன் சேர்வது போன்றவற்றுக்காக வாங்கும் நீண்டகால தேசிய விசாவுக்குத்தான் இந்த விதி.

'டெர்மின் கேட்டேன்' என்றால் மனு போட்டதாக அர்த்தமா?

பலரும் சறுக்கும் இடம் இதுதான். டெர்மின் என்றால் அலுவலகத்தில் நேரில் வர ஒதுக்கும் நேரம். ஜெர்மனியில் இந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ளாமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. 'டெர்மின் வேண்டும்' என்று மெயில் அனுப்பிவிட்டு, மனு போட்டாச்சு என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. நேரம் கேட்பது வேறு, நீட்டிப்பு கேட்பது வேறு. சில ஊர்களில் நேரம் பதிவு செய்ததையே மனுவாக ஏற்கிறார்கள். எல்லா ஊரிலும் அப்படி இல்லை.

இந்தப் படிவத்தில் கொடுத்தால்தான் மனு என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எனவே நேரம் கிடைக்காவிட்டால் காத்திருக்கத் தேவையில்லை. 'எனது அனுமதி இந்தத் தேதியில் முடிகிறது, அதை இந்தக் காரணத்துக்காக நீட்டிக்க இதன் மூலம் விண்ணப்பிக்கிறேன்' என்று ஒரு கடிதம். பெயர், பிறந்த தேதி, முகவரி, பாஸ்போர்ட் எண், பழைய கார்டின் நகல், கையெழுத்து. ஆன்லைன் படிவம் இருந்தால் அதிலும் போடுங்கள், மெயிலிலும் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். மூன்று வழியிலும் போவது மிகையாகத் தோன்றலாம். பிறகு 'எங்களுக்கு வரவே இல்லை' என்று அலுவலகம் சொல்லும்போது தபால் ரசீதும், கடிதம் போய்ச்சேர்ந்ததற்கான ஆன்லைன் பதிவும்தான் பேசும். ஆன்லைனில் போட்டால், முடிவில் வரும் உறுதிப் பக்கத்தை அங்கேயே பி.டி.எஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

இதை ஜெர்மன் மொழியில்தான் எழுத வேண்டும். நிர்வாக நடைமுறைச் சட்டம், அலுவலக மொழி ஜெர்மன் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எதிரே இருப்பவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்திருந்தாலும் பேச மறுக்கலாம். நேரில் போகும்போது ஜெர்மன் தெரிந்த நண்பரைக் கூட்டிப்போவது வழக்கம்தான்.

எப்போது போடுவது? எட்டு வாரத்துக்கு முன் போடச் சொல்லும் அலுவலகங்கள் உண்டு. இப்போதைய நெரிசலில் மூன்று மாதத்துக்கு முன்பே போட்டுவிடுவது பாதுகாப்பு. அதற்கும் முன்பு ஒரு வேலை இருக்கிறது: பாஸ்போர்ட். அது முடியும் தேதியைத் தாண்டி கார்டு தர மாட்டார்கள். இந்திய பாஸ்போர்ட்டை அது முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். பெர்லினில் தூதரகமும், பிராங்பர்ட், மியூனிக், ஹாம்பர்க் நகரங்களில் துணைத் தூதரகங்களும் உள்ளன. முதலில் பாஸ்போர்ட், அப்புறம் கார்டு என்ற வரிசையில் போனால் இரண்டு தடவை அலைய வேண்டியதில்லை.

வேலை போயிடுமா?

பழைய கார்டில் வேலை செய்ய அனுமதி இருந்தால், மனு நிலுவையில் இருக்கும் காலத்திலும் அது தொடரும். சம்பளம் நிற்கத் தேவையில்லை. ஆனால் எச்.ஆரின் பயத்துக்கும் காரணம் உண்டு. வெளிநாட்டு ஊழியரின் அனுமதியைச் சரிபார்த்து நகல் வைத்திருப்பது ஜெர்மனியில் நிறுவனத்தின் சட்டக் கடமை. அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் 5 லட்சம் யூரோ வரை அபராதம் போடலாம். அதனால் தேதி முடியும் வாரம் வரை விட்டுவைக்காமல், மனு போட்ட அன்றே அதன் ஆதாரத்தையும் '81-ஆவது பிரிவு, 4-ஆம் உட்பிரிவு' என்ற வரியையும் எச்.ஆருக்கு அனுப்பிவிட வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு இது பழகிய விஷயம். பத்து பேர் வேலை பார்க்கும் சின்ன கம்பெனியில்தான் முதலாளி பதறுவார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, குறிப்பாக மாணவர்களுக்கு. புது அனுமதிக்கு மனு போட்டால் புது உரிமை வந்துவிடாது. பழைய உரிமைதான் நீளும். மாஸ்டர்ஸ் படிக்கும் ஒருவர், படிப்பு அனுமதியில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை பார்க்கலாம். படிப்பு முடிந்து, கையில் ஆஃபர் லெட்டர் வந்து, வேலை அனுமதிக்கு மனுவும் போட்டாச்சு என்று வைத்துக்கொள்வோம். மனு நிலுவையில் இருக்கும்போது அவர் முழுநேர வேலையில் சேர்ந்துவிட முடியாது. இடைக்காலச் சான்றில் 'வேலைக்கு அனுமதி உண்டு' என்று அலுவலகம் எழுதிக் கொடுத்தால் சேரலாம். அதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக எழுத மாட்டார்கள். ஜாயினிங் தேதி தள்ளித் தள்ளிப் போய் ஆஃபரே கையை விட்டுப் போகும் அபாயம் இங்கேதான்.

படிப்பை முடித்தவர்களுக்கு வேலை தேட 18 மாதம் வரை தனி அனுமதி உண்டு, அதில் எந்த வேலையும் பார்க்கலாம். வேலை கிடைக்கட்டும் பார்ப்போம் என்று இருக்காமல், ரிசல்ட் வந்ததும் அதற்கு மனு போட்டுவைப்பவர்கள் இந்தச் சிக்கலில் இருந்து ஓரளவு தப்பிக்கிறார்கள்.

ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமா?

வீட்டில் ஒரு சாவு, ஒரு ஆபரேஷன், ஒரு கல்யாணம். கார்டு தாமதம் மனிதர்களை உண்மையில் உலுக்குவது இந்த இடத்தில்தான். கார்டு இல்லாமல் ஜெர்மனியை விட்டு வெளியே வருவது பெரிய விஷயமில்லை. திரும்ப உள்ளே போவதுதான் பிரச்னை.

இடைக்காலச் சான்றைத் திறந்தால் உள்ளே கட்டங்கள் இருக்கும். எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். '81-ஆவது பிரிவு, 4-ஆம் உட்பிரிவு' என்று இருக்கும் கட்டத்தில் குறி இருந்தால், காலாவதியான பழைய கார்டு, பாஸ்போர்ட், இந்தச் சான்று மூன்றையும் வைத்துக்கொண்டு ஜெர்மனிக்குத் திரும்பலாம். '3-ஆம் உட்பிரிவு' கட்டத்தில் குறி இருந்தால் திரும்பி நுழைய முடியாது. விசா இல்லாமலேயே சட்டப்படி உள்ளே வந்து, அங்கே முதன்முறையாக மனு போட்டவர்களுக்கானது அது. இரண்டு சான்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் டிக்கெட் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

சரியான சான்று இருந்தாலும் ஜெர்மன் எல்லைக் காவல் அதிகாரியை விட சென்னை விமான நிலைய செக்-இன் கவுன்டரில்தான் அதிக கேள்வி வரும். காலாவதியான கார்டு, ஜெர்மனில் எழுதிய ஒரு மடித்த தாள். கவுன்டரில் இருப்பவர் அதை முன்பு பார்த்திருக்க மாட்டார். வேறொரு ஐரோப்பிய நாட்டில் விமானம் மாறினால் அந்த நாட்டு அதிகாரியும் அதே தாளைப் புரட்டுவார். டிக்கெட் போடும் முன்பே விமான நிறுவனத்திடம் மெயிலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்வது உதவும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே விமான நிலையம் போய்விடுவதும் நல்லது.

சான்று கைக்கு வரும் முன்பே அவசரம் வந்தால்? மருத்துவமனைக் கடிதம் அல்லது இறப்புச் சான்று, ஜெர்மன் அல்லது ஆங்கிலத்தில். அதனுடன் பயணத் தேதியையும் சேர்த்து, 'அவசரம்' என்று தலைப்பில் போட்டு அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினால், சில அலுவலகங்கள் ஓரிரு நாளில் நேரம் தருகின்றன. தராத அலுவலகங்களும் இருக்கின்றன. எதற்கும் காத்திருக்க முடியாமல் கிளம்பி வந்துவிட்டவர்கள், திரும்பிப் போக சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தில் மறுநுழைவுக்கான விசா கேட்க வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் நாட்களுக்குக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வர வேண்டும். அப்பாவின் காரியத்துக்கு வரும் ஒருவர் யோசிக்க வேண்டிய விஷயமா இது என்று கோபம் வரும். வந்தாலும் வேறு வழி இல்லை.

இவ்வளவு பணக்கார நாட்டில் ஏன் இந்த இழுவை?

2024 அக்டோபரில், இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-இல் இருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. 2025 ஜனவரி முதல் விசா மனுக்களை ஆன்லைனில் போட வசதியும் வந்தது. அதாவது வாசற்கதவைப் பெரிதாகத் திறந்தாச்சு. ஆனால் உள்ளே போனதும் உட்காரும் வரவேற்பறை பழைய அளவிலேயே இருக்கிறது.

விசாவைத் தருவது வெளியுறவுத் துறை. உள்ளே போன பிறகு கார்டைத் தருவதோ அந்தந்த ஊர் அல்லது மாவட்ட நிர்வாகம். நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் அலுவலகங்கள். ஒவ்வொன்றும் தனி ஆட்கள், தனி படிவம், தனி பழக்கம். டார்ம்ஸ்டாட்டில் இருப்பவருக்கு நடந்தது டிரெஸ்டனில் நடக்கும் என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப் குழுவில் கிடைக்கும் அறிவுரை பாதி நேரம் பொய்த்துப்போவதற்கு இதுதான் காரணம். ஒருவர் ஊர் மாறினால் அவருடைய கோப்பும் பழைய ஊரில் இருந்து புது ஊருக்குப் போக வேண்டும். அது போய்ச் சேர்ந்தால்தான் வேலை தொடங்கும். கார்டு முடிகிற நேரத்தில் வீடு மாறுவது ஏன் வம்பு என்பது இப்போது புரியும்.

இதன் மேல் 2022-இல் உக்ரைன் போர். பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அகதிகளாக வந்தார்கள். அவர்களுக்கான அனுமதியையும் இதே அலுவலகங்கள்தான் தந்தன. 2024 ஜூனில் குடியுரிமைச் சட்டம் மாறி, எட்டு ஆண்டு என்பது ஐந்து ஆண்டாகக் குறைந்ததும் அந்த மனுக்கள் குவிந்தன. ஆட்களோ போதவில்லை.

டிஜிட்டல்? அரசு சேவைகளை 2022 இறுதிக்குள் ஆன்லைனுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2017-இலேயே சட்டம் போட்டார்கள். காலக்கெடு தாண்டிப் போனது. கொரோனா காலத்தில் சுகாதார அலுவலகங்கள் தொற்று விவரங்களை ஃபேக்ஸில் அனுப்பியது அங்கே இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. 2025 மே மாதம்தான் டிஜிட்டலுக்கென்று தனி மத்திய அமைச்சகமே உருவானது. ஆன்லைனில் படிவம் இருக்கும் ஊரிலும், அது உள்ளே போய் ஓர் அதிகாரியின் மேஜையில் அச்செடுக்கப்பட்டுக் காகிதமாக உட்காருவது நடக்கிறது. இ-சேவை மையத்தில் சான்றிதழ் வாங்கிப் பழகியவர்களுக்கு இது நம்பக் கடினமாகத்தான் இருக்கும்.

நம்ம ஊரில் பலிக்கும் ஒரு வித்தையும் அங்கே பலிக்காது. நேரில் போய் நின்றால், தெரிந்தவர் மூலம் ஒரு வார்த்தை சொன்னால் கோப்பு நகரும் என்ற பழக்கம் நமக்கு உண்டு. அங்கே டெர்மின் இல்லாமல் போனால் வாசலில் செக்யூரிட்டியே திருப்பி அனுப்பிவிடுவார். நன்றி சொல்லும் நல்ல எண்ணத்தில் ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோவதும் வேண்டாம். அதிகாரிகள் பரிசு வாங்குவதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருப்பதால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். குழுக்களில் காசுக்கு டெர்மின் விற்பவர்களிடமும் சிக்க வேண்டாம். மனு ஆதாரத்துடன் போய்விட்டால், டெர்மின் பிந்துவதால் உரிமை போகாது.

தபால் பெட்டியில் யார் பெயர்?

சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் பல மாத தாமதத்தின் வேர் இங்கே இருக்கலாம். ஜெர்மனியில் அரசு இன்னமும் தபாலில்தான் பேசுகிறது. தபால் பெட்டியில் பெயர் ஒட்டவில்லை என்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு குழப்பம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரைத்தான் போட்டிருப்போம். அதனால் ஜெர்மனியில் உங்களுக்கு வரும் கடிதம் எல்லாம் 'திரு. ராமசாமி' என்று அப்பா பெயரிலேயே வரும். பெட்டியில் 'கார்த்திக்' என்று மட்டும் ஒட்டியிருந்தால் ராமசாமிக்கு வந்த கடிதம் திரும்பிப்போகும். திருமணம் ஆனவர்களுக்கு இது இரட்டிப்பு. கணவருக்கு அவர் அப்பா பெயர், மனைவிக்கு அவர் அப்பா பெயர், அல்லது கணவர் பெயர். பெட்டியில் எல்லாப் பெயரையும் ஒட்டிவிடுவதுதான் தீர்வு. ஓர் அகலமான ஸ்டிக்கர் போதும்.

மஞ்சள் உறையில் கடிதம் வந்தால் உறையைத் தூக்கிப் போடக்கூடாது. அது முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட அரசுக் கடிதம். எந்தத் தேதியில் பெட்டியில் போட்டேன் என்று தபால்காரர் அந்த உறையின் மேலேயே எழுதியிருப்பார். அந்தத் தேதியில் இருந்துதான் காலக்கெடு ஓடும். மறுப்புக் கடிதமாக இருந்தால் பொதுவாக எதிர்த்துக் கேட்க ஒரு மாதம். சாதாரணத் தபாலில் வரும் அரசு முடிவு, அனுப்பிய நான்காம் நாள் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும் (2025-க்கு முன்பு இது மூன்று நாள்). நீங்கள் பொங்கலுக்கு ஐந்து வாரம் மதுரையில் இருந்தாலும் கெடு அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். ஊருக்குக் கிளம்பும்போது தபால் பெட்டிச் சாவியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து, 'அரசுக் கடிதம் வந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க' என்று சொல்லிவிட்டு வருவது அவ்வளவு முக்கியம்.

கடிதத்தில் ஒரு கோப்பு எண் இருக்கும். அடுத்து எழுதும் ஒவ்வொரு மெயிலிலும் அதைத் தலைப்பிலேயே போட வேண்டும். 'ப்ளீஸ் அப்டேட் மீ' என்று எண் இல்லாமல் வாரம் மூன்று மெயில் போடுவது கோப்பை நகர்த்தாது. குவியலில் இன்னும் மூன்று காகிதம் சேரும், அவ்வளவுதான்.

மாதக்கணக்கில் பதிலே இல்லையா?

முதலில் இலவச உதவி. காரித்தாஸ், டியாகோனி போன்ற அமைப்புகள் பல நகரங்களில் வெளிநாட்டவருக்கான ஆலோசனை மையங்களை நடத்துகின்றன. அதே ஊர் அலுவலகத்துடன் தினமும் மல்லுக்கட்டுபவர்கள் என்பதால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்குப் போகலாம்.

மேலதிகாரிக்குப் புகார் எழுதலாமா? எழுதலாம். ஆனால் இந்தப் புகாரைப் பற்றி ஜெர்மன் வக்கீல்களிடையே ஒரு கேலி உண்டு: படிவம் வேண்டாம், காலக்கெடு வேண்டாம், பலனும் கிடையாது.

பல் இருக்கும் ஆயுதம் வேறொன்று. உன்டேடிக்கைட்ஸ்கிளாகெ, அதாவது செயலின்மை வழக்கு. மனு கொடுத்து மூன்று மாதம் ஆகியும், போதுமான காரணம் இல்லாமல் அலுவலகம் முடிவு சொல்லாவிட்டால், நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். நிர்வாக நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு இதற்கு வழி செய்கிறது. முதல்நிலை நீதிமன்றத்தில் வக்கீல் கட்டாயமில்லை. நீதிமன்றக் கட்டணம் சுமார் 500 யூரோ, வக்கீல் வைத்தால் அது தனி. அதற்குள் முடிவு வரும் என்று மனுதாரர் நியாயமாக எதிர்பார்த்திருக்கலாம் என்ற நிலை இருந்தால், செலவை அலுவலகமே ஏற்க வேண்டும்.

'அரசு மேலயே கேஸா? அப்புறம் கார்டே தர மாட்டாங்களே!' என்று ஊரில் இருக்கும் அப்பாக்கள் பதறுவது இயல்பு. அங்கே அரசு அலுவலகத்தின் மீது வழக்குப் போடுவது சண்டைக்குப் போவதாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. அதுவும் ஒரு நடைமுறை, அவ்வளவுதான். வழக்குக்கு முன்பு ஒரு கடைசிக் கடிதம் அனுப்புவது வழக்கம். மனு கொடுத்த தேதி, கோப்பு எண், இரண்டு வாரக் கெடு, தாண்டினால் நீதிமன்றம் என்ற ஒரு வரி. பல நேரங்களில் அந்தக் கடிதத்துக்கே பதில் வந்துவிடுகிறது. இல்லாவிட்டால், வழக்குப் பதிவாகி நீதிமன்றம் அலுவலகத்திடம் விளக்கம் கேட்டதும் கோப்பு மேலே வருகிறது.

வழக்குக்கு ஒரு வரம்பும் உண்டு. சம்பளச் சீட்டு, காப்பீட்டுச் சான்று, வாடகை ஒப்பந்தம் என அலுவலகம் கேட்ட ஏதோ ஒரு தாளை நீங்கள் கொடுக்காமல் இருந்தால் தாமதம் உங்கள் பக்கம் ஆகிவிடும். நீதிமன்றம் அலுவலகத்துக்குக் கூடுதல் அவகாசம் கொடுக்கவும் வாய்ப்புண்டு. அதனால் வழக்குக்கு முன்பு, கேட்டதெல்லாம் போய்விட்டதா என்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

ஒப்புதல் கிடைத்த பிறகும் கார்டு உடனே வராது. பெர்லினில் உள்ள அரசு அச்சகத்தில் அச்சாகி வர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கையில் வாங்கியதும் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: பெயர் எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, முடியும் தேதி சரியா, கூடவே தரும் பச்சைத் தாளில் கம்பெனி பெயரும் வேலை நிபந்தனையும் சரியாக இருக்கிறதா. தவறை அங்கேயே சொன்னால் அன்றே திருத்த மனு எழுதிக் கொடுக்கலாம். வீட்டுக்கு வந்து கவனித்தால், மறுபடி ஒரு டெர்மின் தேட வேண்டும்.